பொட்டி வந்துருச்சு

வா கண்ணு, உக்காரு. கயித்துக்கட்டல்ல அந்தட்டமா உக்காரு, இந்தட்டம் கயிறு தொங்குது. மூஞ்சி என்றா இப்படிச் சுண்டிப்போய்க் கெடக்குது? நேத்து ராத்திரி நடந்ததுக்கா? அட சாமி! பதினெட்டு வருசம் டூரிங் டாக்கீஸ்ல ஆப்பரேட்டரா இருந்தவன் உங்க அப்பிச்சி. படம் பாதியில நின்னு, கொட்டாயே எந்திரிச்சு விசிலடிச்சு, என்னையப் பெத்தவளையும் சேத்து வெச்சுத் திட்டுனதை எத்தனை நோம்பிக்குக் கேட்டிருப்பேன்! நேத்து உன்னைய ஒரு ஆளும் திட்டலை. ‘பாவம், பையன் வண்டி ஓட்டீட்டு வந்த அலுப்பு’ன்னு உங்க பெரியம்மா சொன்னா பாரு, அதைக் கேட்டுத்தான் எனக்கே ஒரு மாதிரி ஆயிப்போச்சு. அதுக்கு விசிலே தேவலை.

சித்தெ இரு, வெத்தலையை இடிச்சுக்கறேன். பல்லுப் போன வாய்க்கு இந்தக் குட்டி ஒரல்தான் தொணை.

நீ கார்ல இருந்து அந்த நாஸுங்கற கறுப்புப் பொட்டியை எறக்குனப்பவே எனக்குப் பழைய நெனப்பு வந்துருச்சு. அப்பெல்லாம் ஊருக்குள்ள பொட்டின்னா படப்பொட்டிதான். காங்கயம் பஸ்ஸு மேல தகரப்பொட்டி வந்து எறங்கும். ‘பொட்டி வந்துருச்சு’ன்னு ஒரு பொடிப்பயல் சத்தம் போட்டான்னா மூணு ஊருக்குக் கேக்கும். பதினாறாயிரம் அடிப் படம்னா பதினாறு ரீலு. நிமிசத்துக்குத் தொண்ணூறு அடி ஓடும். கணக்குப் போட்டுக்க, மூணு மணி நேரத்துக்கு ரெண்டு நிமிசம் கம்மி. நம்ம கோயமுத்தூரு சாமிக்கண்ணு வின்சென்ட் இருந்தாரே, ரயில்வேயில வேலை பாத்தவரு, 1905-ல ஒரு பிரெஞ்சுக்காரருகிட்ட மிசினை வாங்கீட்டு ஊர் ஊராக் கூடாரம் போட்டுப் படம் காட்டுனாரு. அப்பறம் 1914-ல கோயமுத்தூர்ல வெரைட்டி ஹாலைக் கட்டுனாரு. அவரு வண்டி வெச்சுச் சுமந்ததை நீ சோத்துப்போசி மாதிரி ஒரு கையில தூக்கீட்டு வந்துட்டே. அதுல எனக்குச் சந்தோசந்தான். ஆனா பொட்டி தானாப் படம் காட்டாதுங்கறது அவருக்குத் தெரிஞ்சிருந்துச்சு. உனக்கு நேத்து ராத்திரி ஒன்பதரைக்குத்தான் தெரிஞ்சுது.

‘அப்பிச்சி, இதுல ரெண்டாயிரம் படம் புடிக்குமுங்க’ன்னு சொன்னே. நானும் வெத்தலையை மென்னுக்கிட்டே மனசுக்குள்ள வகுத்துப் பாத்தேன். தெனம் ஒண்ணு பாத்தாலும் அஞ்சரை வருசம் ஆகும். எனக்கு எழுவத்தாறு முடிஞ்சுது. எம்மேல அம்புட்டு நம்பிக்கையா கண்ணு?

அந்த ரெண்டாயிரமும் சும்மா வாய்க்கணக்குத்தான். உள்ள போட்ட ஹார்ட் டிஸ்க்குத் தட்டு மேல நாலு டிபின்னு அச்சடிச்சிருக்கறான். மாட்டிப் பாத்தா 3.63-ன்னு காட்டுது. ‘ஏமாத்திப்போட்டானுங்க’ன்னு நீ போன்ல குதிச்சது பொடக்காலி வரைக்கும் கேட்டுச்சு. ஏமாத்தெல்லாம் இல்லை சாமி. தட்டுச் செய்யறவன் ஆயிரம் ஆயிரமா எண்ணி விக்கறான். பொட்டி ஆயிரத்து இருவத்துநாலு, ஆயிரத்து இருவத்துநாலா எண்ணி வாங்குது. ரெண்டும் ஒரே காயி, எண்ணற கைதான் வேற. நம்ம தோப்புல காய் எடுக்க வர்ற யாவாரி ஆயிரத்துக்கு இத்தனைன்னு லாபக்காய் எடுத்து வெப்பான் பாரு, அது வாங்கறவன் எடுக்கறது. இங்க விக்கறவன் எடுத்துக்கறான். உலகம் திரும்பீருச்சு, அவ்வளவுதான்.

அப்பறம் ரெண்டு தட்டைப் போட்டு ஒண்ணுக்கு ஒண்ணு கண்ணாடி மாதிரி வெச்சிருக்கறே. ரெய்டு ஒண்ணுங்கறே. எட்டு டிபிக்குக் காசு குடுத்து நாலை அனுபவிக்கறே, சரி, தப்பில்லை. கட்டுத்தரையில ரெண்டு காளை நின்னா, ஒண்ணு நொண்டுனாலும் இன்னொண்ணை வெச்சு வண்டியை வீடு சேத்தலாம். ஆனா நீ உங்க அம்முச்சிகிட்ட என்ன சொன்னே? ‘இனி எதுவும் அழியாதுங்க அம்முச்சி, ரெண்டு காப்பி இருக்குது’ன்னு. கண்ணாடி முன்னால நின்னு மீசையைச் செரைச்சுப் பாரு. கண்ணாடிக்குள்ள நிக்கறவனுக்கு மட்டும் மீசை மிஞ்சுமா? நீ ஒரு ஃபோல்டரைத் தெரியாம அழிச்சீன்னா அதே கணத்துல அக்கட்டயும் அழிஞ்சு போகும். இடி எறங்குனா ஒட்டுக்காப் போகும். திருடன் வந்தா, ‘ஒண்ணு உனக்கு, ஒண்ணு எனக்கு’ன்னு பிரிச்சு வெச்சுட்டா போவான்? 1988-ல அமெரிக்காவுல பெர்க்லி காலேசுல பேட்டர்சன், கிப்சன், காட்ஸுன்னு மூணு பேரு இந்த ரெய்டைப் பத்தி எழுதுனப்ப, மலிவான தட்டுக பலதைச் சேத்துப் பெரிய தட்டு வேலையை வாங்கலாம்னுதான் எழுதுனாங்க. தீயி, திருட்டு, பேரன் கை இதுக்கெல்லாம் இது காப்புன்னு எழுதலை.

போட்டோக்காரரு ஒருத்தரு, பீட்டர் க்ரோக்குன்னு பேரு, நல்ல கணக்கு ஒண்ணு வெச்சிருக்கறாரு. பிரதி மூணு, ரெண்டு வகைச் சாமான்ல, அதுல ஒண்ணு வேற எடத்துல. வேற எடம்னா பக்கத்து ரூமு இல்லை கண்ணு, பக்கத்து ஊரு. நீ பெங்களூர்ல ஒரு தட்டு வெச்சுக்க. நோம்பிக்கு வர்றப்ப கொண்டாந்து புதுசா இருக்கறதை ஏத்திக்க. பொங்கலுக்கு ஒருக்கா, ஆடிக்கு ஒருக்கா. அந்தச் சாக்குலயாவது வருவே.

தட்டு வாங்கறதுலயும் ஒரு சூட்சுமம் இருக்குது. எஸ்எம்ஆர்னு ஒரு ரகம். அதுல எழுத்து வரிசைங்க நம்ம ஓட்டு வீட்டுக் கூரையாட்டம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி உக்காந்திருக்கும். நெறையப் புடிக்கும், வெலையும் கம்மி. ஆனா நடுவுல ஒரு ஓட்டை மாத்தோணும்னா மேல ஏறி இருக்கற ஓடெல்லாம் கழட்டி மாட்டோணும் பாரு, அந்தக் கதைதான் அங்கயும். ஒரு தட்டுச் செத்து, புதுத் தட்டுல திருப்பி எழுதற அன்னைக்கு முக்கி மொனகும். சிஎம்ஆர்னு கேட்டு வாங்கு. கடக்காரன் முழிச்சான்னா வேற கடைக்குப் போ.

சரி, நேத்து ராத்திரிக் கதைக்கு வருவோம். நீ எந்திரிச்சு ஓடாதே.

ஆசாரத்துல பெரிய டிவியில எல்லாருக்கும் படம். உங்க பெரியம்மா போன்ல தனியா ஒண்ணு. உங்க அம்முச்சிக்கு நீ வாங்கிக் குடுத்த டேப்லெட்டுல சாமிப் படம். உம் பொண்டாட்டி கன்னடத்துப் புள்ள, அந்த அம்மிணிக்கு இங்கிலீசுல எழுத்து ஓடோணும்னு வேற. ஒரே நேரத்துல நாலு கொட்டாயி தொறந்துட்டே. பத்து நிமிசம் ஓடுச்சு. அப்பறம் அந்த வட்டம் சுத்த ஆரம்பிச்சுது பாரு, செக்கு மாடே அவ்வளவு நேரம் சுத்தாது. நீ ஓடுனே, ரூட்டரை அணைச்சுப் போட்டே. மறுக்கா ஓடுனே, பொட்டியை அணைச்சுப் போட்டே. நெட்டு ஸ்லோன்னு சொன்னே. ஏங்கண்ணு, படம் இருக்கறது தவிட்டு மூட்டைக்குப் பக்கத்துல நீ வெச்ச பொட்டிக்குள்ள. பாக்கறவங்க இருக்கறது ஆசாரத்துல. நடுவுல நெட்டுக்கு என்ன சோலி? ஃபைபர்க்காரன் வயரையே புடுங்கி எறிஞ்சாலும் வீட்டுக்குள்ள ரூட்டரு உசுரோட இருந்தாப் போதும், படம் ஓடும்.

சீக்கு வேற எடத்துல. இந்த ஒரலைப் பாரு. உனக்குப் பல்லு இருக்குது, வெத்தலையை முழுசாக் குடுத்தா மென்னுக்குவே. எனக்கு இடிச்சுத்தான் குடுக்கோணும். படமும் அப்படித்தான். ஒவ்வொரு படமும் ஒரு வகையாச் சுருட்டி வெச்சிருக்குது. 2003-ல வந்தது எச் 264. இன்னைக்கு அதை மெல்லத் தெரியாத டிவி, போனு இல்லைன்னே சொல்லலாம். 2013-ல எச் 265-ன்னு வந்துச்சு, அதே தெளிவு, சைசு கிட்டத்தட்டப் பாதி. 2018-ல ஏவி1-ன்னு இன்னொண்ணு. நீ எடம் மிச்சம் புடிக்கறேன்னு எல்லாத்தையும் 265-ல வெச்சிருக்கறே. ஆசாரத்து டிவி எம்பட வயசுக்காரன், அவனுக்கு அது மெல்ல வராது. உடனே பொட்டி என்ன பண்ணும்? ஓடற ஓட்டத்துல 265-ஐப் பிரிச்சு 264-ஆ இடிச்சு இடிச்சு ஊட்டும். டிரான்ஸ்கோடிங்னு நீ போன்ல கூட்டாளிகிட்டச் சொன்னது அதைத்தான். மென்னுக்கத் தெரிஞ்ச டிவிக்கு இடிக்காம அப்படியே எடுத்துக் குடுத்தா அது டைரக்ட் ப்ளே. அதுக்குப் பொட்டிக்கு வேர்க்கவே வேர்க்காது, பத்துப் பேருக்குக் கூட எடுத்துக் குடுக்கும்.

அம்மிணி கேட்ட எழுத்து இருக்குது பாரு, அது இன்னும் பெரிய கூத்து. எழுத்து எழுத்தாவே இருந்தா, எஸ்ஆர்டின்னு ஒரு சின்ன ஃபைலு, படத்து மேல சும்மா மெதந்துக்கிட்டுப் போகும். ப்ளூரே தட்டுல இருந்து எடுத்தா எழுத்து எழுத்தா வராது, குட்டிக் குட்டிப் படமா வரும். பல டிவிக்கு அதைத் தனியாக் காட்டத் தெரியாது. அதனால பொட்டி ஒவ்வொரு படத்துண்டு மேலயும் அதை ஒட்டி, மறுக்கா இடிச்சு அனுப்போணும். பல்லு நல்லா இருக்கற டிவியா இருந்தாலும் அன்னைக்கு இடிச்ச வெத்தலைதான். எஸ்ஆர்டி வாங்கி வெச்சிருந்தீன்னா அந்தப் புள்ளையும் நிம்மதியாப் பாத்திருக்கும், நீயும் நாலு தடவை ஆசாரத்துக்கும் தவிட்டு மூட்டைக்கும் ஓடியிருக்க மாட்டே.

இடிக்கறதுலயும் ரெண்டு வகை. இன்டெல் சிப்பு உள்ள பொட்டிகள்ல பலதுக்கு வயித்துக்குள்ளயே ஒரு ஒரல் இருக்குது. குவிக் சிங்க்னு பேரு, 2011-ல இருந்து வருது. அந்த ஒரல் வழியா இடிச்சா அசங்காம ரெண்டு மூணு பேருக்கு ஊட்டும். ஒரல் இல்லாத பொட்டியோ, இருந்தும் அதைத் தொடாத பொட்டியோ வெறுங்கையால கசக்கும். ஒரு ஆளுக்கே நாக்குத் தள்ளும். உம்பட பொட்டியில ஒரல் இருக்குது. வாங்கறப்ப நீயே எங்கிட்டப் பெருமையடிச்சே. இருந்தும் நேத்து வெறுங்கையிலதான் கசக்கிக்கிட்டு இருந்துச்சு. ஏன்னு கேளு. கேக்க மாட்டே, சரி, பின்னால சொல்றேன்.

படத்தை எடுத்து ஊட்டறதுக்கு ஜெல்லிஃபின் போட்டிருக்கறே. அதுல உனக்கு மார்க்குப் போடறேன். அந்தக் கதையைக் கேட்டா நம்ம ஊர்ப் பங்காளிச் சண்டையேதான். எம்பின்னு ஒண்ணு இருந்துச்சு. பொதுக் கெணறு, யாரு வேணும்னாலும் எட்டிப் பாக்கலாம், மராமத்துப் பாக்கலாம். 2018-ல கெணத்து மேல மூடி போட்டுப் பூட்டிட்டாங்க. கூட எறைச்சுக்கிட்டு இருந்தவங்க சும்மா இருப்பாங்களா? பூட்டறதுக்கு முந்தி இருந்த தண்ணியை மொண்டு, அந்த டிசம்பர்லயே பக்கத்துலயே புதுக் கெணறு வெட்டீட்டாங்க. அதுதான் ஜெல்லிஃபின். காசு இல்லை, கணக்கு இல்லை. இதே வேலை பாக்கற பிளெக்ஸு பவுசாத்தான் இருக்குது, நான் இல்லைங்கலை. ஆனா வயித்துக்குள்ள இருக்கற ஒரலைத் தொடோணும்னா அவன் காசு கேப்பான். 2025 ஏப்ரல் 29-ல இருந்து உன் வீட்டுப் படத்தை நீ வெளியூர்ல இருந்து பாக்கறதுக்கும் துட்டு. நான் வீடியோ டெக்கு வாடகைக்கு விட்டவன், அடுத்தவன் யாவாரத்தைக் கொறை சொல்லலை. டெக்காவது எம்பட டெக்கு.

பொட்டிக்காரன் கூடவே குடுக்கற பிளேயரையும் நம்பி இருக்காதே. சினாலஜிக்காரன் வீடியோ ஸ்டேஷன்னு ஒண்ணு வெச்சிருந்தான். 2024-ல ஒரு புது வெர்சன்ல அதையே எடுத்துப்போட்டான். மாப்பிள்ளை வீட்டுக்காரன் போட்ட பந்தல், நம்மளைக் கேட்டுட்டா பிரிப்பான்?

நீ ஜெல்லிஃபினை டாக்கர்ங்கற தூக்குப்போசிக்குள்ள வெச்சு மூடியிருக்கறே. அதுவும் நல்லதுதான். கொழம்பு சிந்துனாலும் அந்தப் போசியோட நிக்கும். ஆனா படம் இருக்கற ஃபோல்டரை அதுக்குக் குடுக்கறப்ப, பாக்க மட்டும் விடு, எழுத விடாதே. திருவிழாக் கூட்டத்துல சாமியைப் பாக்கலாம், கருவறைக்குள்ள கையை நீட்டலாமா?

இப்ப என்னோட வழக்குக்கு வர்றேன். நேத்து நான் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். ‘விக்ரம்’ போடு கண்ணுன்னு. 1986-ல வந்தது. டெக்கு வாடகைக் காலத்துல இந்தக் கையால எத்தனை கல்யாண வீட்டுக்குக் குடுத்த கேசட்டு தெரியுமா? உம் பொட்டி அதுக்கு 2022-ல வந்த ‘விக்ரம்’ போஸ்டரை ஒட்டி வெச்சிருக்குது. ரெண்டுலயும் கமல்தானுங்க அப்பிச்சின்னு வாய் பேசறே. நான் போஸ்டர் ஒட்டுன காலத்துல இப்படி ஒட்டியிருந்தா மொதலாளி என்னையச் செவுத்தோட சேத்து ஒட்டியிருப்பாரு.

தப்புப் பொட்டி மேல இல்லை. அது பேரை மட்டும் எடுத்துக்கிட்டு டிஎம்டிபிங்கற பேரேட்டுல போய்த் தேடுது. நம்ம ஊருக்குள்ள வந்து பழனிச்சாமி வீடு எதுங்கன்னு கேட்டா எத்தனை வீட்டைக் காட்டுவாங்க? கொளத்துக்காட்டுப் பழனிச்சாமியா, மில்லுக்காரப் பழனிச்சாமியா, சீட்டுக்கம்பெனி வெச்சு ஓடிப்போன பழனிச்சாமியா? ‘பில்லா’ 1980-லயும் இருக்குது, 2007-லயும் இருக்குது. ‘பொல்லாதவன்’ அதே ரெண்டு வருசத்துலயும் இருக்குது. ‘மாப்பிள்ளை’ 1989-ல மாமியாரை எதுத்தாரு, 2011-ல மறுக்கா எதுத்தாரு. அதனால ஒவ்வொரு படத்துக்கும் ஒரு ஃபோல்டரு, பேருக்குப் பக்கத்துல வளையம் போட்டு வருசம்: விக்ரம் (1986). உள்ள இருக்கற ஃபைலுக்கும் அதே பேரு. நீ என்ன பேரு வெச்சிருக்கறே? ‘ஃபைனல்’, ‘ஃபைனல் நியூ’, ‘ஃபைனல் நியூ ஒரிஜினல்’. காளைக்கன்னுக்குக் கூட நம்ம காட்டுல அழகாப் பேரு வெப்போம்டா.

சின்னவ பேத்தி காதுகுத்து வீடியோவைக் கொண்டுபோய்ச் சினிமாக் கூட்டத்துல போட்டிருக்கறே. பேரேட்டுல தேடித் தேடிப் பாத்துட்டு, எந்த நாட்டுக்காரியோ குதிரை மேல உக்காந்திருக்கற போஸ்டரை அதுக்கு ஒட்டியிருக்குது. அடியில எட்டு மார்க்கு வேற. உங்க அம்முச்சி அதைப் பாத்துட்டு, ‘சீரு செஞ்ச தாய்மாமன் பேரு எங்கடா போட்டிருக்குது’ன்னு கேட்டா. வீட்டு வீடியோவுக்குன்னு தனி வகை இருக்குது சாமி. லைப்ரரி சேக்கறப்பவே அதைத் தேர்ந்து வெச்சுட்டா வெளியில போய்த் தேடாது.

டிவிக்கு வயரு இழுத்தா வெசயா இருக்கும்னு நெனைக்காதே, உங்க பெங்களூரு டிவிக்குந்தான் சொல்றேன். பொட்டியில இருந்து ரூட்டருக்கு வயருதான் போகோணும், அதுல மாத்தமில்லை. ஆனா நெறைய டிவி முதுகுல இருக்கற ஓட்டை நூறு எம்பிபிஎஸ்தான் குடிக்கும். 4கே ப்ளூரே தட்டை அப்படியே எடுத்து வெச்சா சில எடத்துல 128 வரைக்கும் பாயும். ஒண்ணரை இஞ்சுக் கொழாயில ரெண்டு இஞ்சுத் தண்ணியை விட்ட கதை. ரூட்டரு அதே ரூம்புல இருந்தா அஞ்சு கிகாஹெர்ட்ஸ் வைஃபையே தேவலை. இங்க ஒண்ணரை அடி மண்சொவுரு, அந்த அஞ்சு இந்தட்டம் வர்றதுக்குள்ள அரையாயிரும்.

அடுத்தது, கேட்டைத் தொறக்கப் பாத்த சங்கதி. நீ பெங்களூர்ல இருந்து பாக்கோணும்னு ரூட்டர்ல ஒரு போர்ட்டைத் தொறந்து விடப் பாத்தே. நல்லவேளை, நம்ம ஃபைபர்க்காரன் தெருவுக்கே ஒரு பொது நம்பர்தான் குடுத்திருக்கறான், நமக்குன்னு தனிக் கதவே இல்லை. அதனால உனக்குத் தொறக்கலை. இல்லாட்டித் தொறந்திருப்பே. 2022 சனவரியில க்யூநாப் பொட்டிகளுக்கு டெட்போல்ட்டுன்னு ஒரு கொள்ளை வந்துச்சே, தெரியுமா? நெட்டைப் பாத்துத் தொறந்து கெடந்த பொட்டிகளுக்குள்ள பூந்து, எல்லாத்தையும் பூட்டிப்போட்டு, சாவி வேணும்னா 0.03 பிட்காயின் குடுன்னு எழுதி வெச்சுட்டுப் போனானுங்க. வேலிக்கு மேல எட்டிப்பாக்க ஆசைப்பட்டு வேலியவே புடுங்காதே. டெய்ல்ஸ்கேல்னு ஒண்ணு இருக்குது, உம் போனுக்கும் பொட்டிக்கும் நடுவுல மட்டும் ஒரு இட்டேறி போட்டுக் குடுக்கும். ரெண்டு பக்கமும் கள்ளி வேலி, வேற ஆளு நொழைய முடியாது. அது போதும்.

கரண்டுக்கு நீ பயப்படாதே, நானே கணக்குப் பாத்துட்டேன். பதினஞ்சு வாட்டு, ராத்திரி பகல் ஓடுனா ரெண்டு மாசத்துக்கு இருவத்தொரு யூனிட்டு, சில்லறை. கவர்மெண்டு சும்மா குடுக்கற நூறுல அஞ்சுல ஒரு பங்கு. மோட்டாரு பம்புக்கு முன்னால இது கொசு. ஆனா யூபிஎஸ் ஒண்ணு வாங்கி வெச்சிட்டுப் போ. அதுக்கும் பொட்டிக்கும் நடுவுல ஒரு யூஎஸ்பி வயரு போடு. கரண்டு போயி பேட்டரி எறங்குனா அது சொல்லும், பொட்டி தானாப் படுத்துக்கும். ஓடிக்கிட்டு இருக்கற தட்டைப் பொசுக்குன்னு நிறுத்தறது, பாரவண்டியில ஓடற மாட்டை மூக்கணாங்கவுறு புடிச்சு நிறுத்தற மாதிரி. ஒருநாள் நிக்கும், ஒருநாள் மூக்கு கிழியும். அப்பறம் அந்தத் தவிட்டு மூட்டைக்குப் பக்கத்துல இருந்து முதல்ல பொட்டியை எடு, தூசி ஆகாது. எங்க புரொஜெக்டர் ரூம்ப நான் தெனம் ஈரத்துணி போட்டுத் தொடைப்பேன்.

இன்னும் ஒண்ணு. இந்த ரெண்டாயிரம் படத்துல எத்தனை உன் காசு குடுத்து வாங்குன தட்டுல இருந்து எடுத்தது? தலையைக் குனியாதே, சும்மா கேட்டேன். நான் ஒவ்வொரு பொட்டிக்கும் வாடகை எண்ணிக் குடுத்துப் படம் ஓட்டுனவன். காசு குடுக்காததை அழிச்சீன்னா எடமும் மிச்சமாகும், மானமும் மிச்சமாகும். யோசிச்சுக்க.

அந்தப் படமெல்லாம் ஊர்ல எவன்கிட்டயும் கெடைக்கும். யார்கிட்டயும் கெடைக்காதது ஒண்ணு இந்த வீட்டுல இருக்குது. நிமிந்து அட்டாலியைப் பாரு. சாக்குப் பை, அதுக்குள்ள மஞ்சத்துணி, அதுக்குள்ள ரெண்டு விஎச்எஸ் கேசட்டு. உங்க அம்மா கல்யாணம், 1994. வெள்ளகோயில் மண்டபம். வீடியோக்காரன் சீரு தட்டை விட்டுப்போட்டுப் பந்தியைத்தான் எச்சா எடுத்தான். ஆனா எங்க ஆத்தா அதுல பேசறா. வேற எங்கயும் அவ கொரலு இல்லை. பூஞ்சை புடிச்சிருக்குதோ என்னமோ, முப்பது வருசம் ஆச்சு. ஓட்டறதுக்கு டெக்கே கெடைக்காது. ஜப்பான்ல ஃபுனாய்னு ஒரு கம்பெனிதான் கடைசி வரைக்கும் செஞ்சுக்கிட்டு இருந்துச்சு, அவனும் 2016 சூலையோட நிறுத்தீட்டான். எம்பட பழைய டெக்கு ஒண்ணு பெட்சீட்டு சுத்தி வெச்சிருக்கறேன், பெல்ட்டு மாத்துனா ஓடும். அவசரப்பட முடியாது பாத்துக்க. மூணு மணி நேரக் கேசட்டை ஏத்தறதுக்கு மூணு மணி நேரமும் பக்கத்துல உக்காரோணும், வெரசா ஓட்டவும் முடியாது, தாண்டவும் முடியாது. எட்டு ஜிபிக்கு மேல வராது ஒரு கேசட்டு. உம்பட நாலு டிபியில ஒரு மூலை.

அதை நீ பண்ணிக் குடுக்கறே. எப்பன்னு நான் கேக்கலை, நீ மூணு நாள் லீவுன்னு உங்க அம்முச்சிகிட்டச் சொன்னதை நான் கேட்டுட்டேன்.

இப்ப அந்த ஒரல் சமாச்சாரம். நேத்து நீ மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டுத் தூங்கப் போயிட்டே. பதினோரு மணிக்கு நம்ம கொளத்துக்காட்டுப் பழனிச்சாமி பையனைப் பொட்டாட்டக் கூப்பிட்டேன். காங்கயத்துல கம்ப்யூட்டர் கடையில இருக்கறான் பாரு, அவன். நீ தூக்குப்போசியை மூடறப்ப சிப்புக்குப் போற தடத்தையும் சேத்து மூடிப்போட்டே கண்ணு. உள்ள இருக்கற ஜெல்லிஃபினுக்கு ஒரல் எங்கிருக்குதுன்னே தெரியலை. அந்த டெவ் டிஆர்ஐங்கற தடத்தைத் தொறந்து விட்டான், செட்டிங்ஸ்ல குவிக் சிங்க்னு ஒரு டிக்கு அடிச்சான். ஒரே கணத்துல டிவியில படம் ஓடுது, பக்கத்துல போன்ல ஒண்ணு, டேப்லெட்டுல ஒண்ணு. பொட்டி மூச்சுக்கூட விடலை. நானும் அவனும் ‘விக்ரம்’ முழுசாப் பாத்துட்டுத்தான் படுத்தோம். போஸ்டரையும் மாத்தி ஒட்டியாச்சு.

உள்ள எப்படிப் போனீங்கன்னுதானே முழிக்கறே? உம்பட பேரு, அதுக்குப் பின்னால ஒண்ணு ரெண்டு மூணு. ரெண்டாவது தடவையிலயே தொறந்துருச்சு. இப்ப அதை மாத்திப்போட்டேன். புதுப் பாஸ்வேர்டு இந்த வெத்தலைப் பொட்டிக்குள்ள சுண்ணாம்பு டப்பாவுக்கு அடியில இருக்குது. கையை நீட்டாதே. எந்தக் கொட்டாயிலயும் ரூம்புச் சாவி ஆப்பரேட்டர் மடியிலதான் இருக்கும், மொதலாளிக்கே கேட்டுத்தான் குடுப்போம்.

ஏணி பொடக்காலியில சாத்தியிருக்குது. பாத்து ஏறு, மூணாவது படி ஆடும்.